பின்சுவர் ஓரத்துப் பச்சை மரம்

மணியைக் கையில் பிடித்தபடி தலைமையேற்று அமர்ந்திருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் சகோதரிகளே, கதவோரம் நின்றே கேட்கும் தோட்டக்கார அம்மா அவர்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

வாசலிலிருந்து வரிசையாக நிற்கும் பதினோரு மரங்களும் மஞ்சளாகிவிட்டன. அவற்றை வெட்ட வேண்டும், சரியாகப் பராமரிக்காத தோட்டக்கார அம்மாவை வேலையைவிட்டு நிறுத்த வேண்டும் என்கிறது இன்றைய தீர்மானம். கை தூக்குமுன் ஒரு கேள்வி. பின்சுவர் ஓரத்துப் பன்னிரண்டாவது மரம் மட்டும் ஏன் பச்சைப்பசேலென்று நிற்கிறது? அதே மண்தானே? அதே மழைதானே? அதே குழாய்த் தண்ணீர்தானே?

நேற்றுக் காலை அந்த அம்மாவையே கேட்டேன். கையைப் பிசைந்தார்.

"திட்டாதீங்க சார். முதுகு வலி. வாசல் வரைக்கும் மூட்டையைத் தூக்க முடியல. பின்பக்கம் கூட்டுற இலையை மட்டும் அந்த மரத்தடியிலயே ஒதுக்கிடுவேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. நீங்கதான் யாருமே அந்தப் பக்கம் வரமாட்டீங்களே!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பிறகு குனிந்து இலைகளை விலக்கினேன், சிரிப்பு நின்றது. மேலே சருகு. அதன் கீழே நைந்த இலை. அதற்கும் கீழே கறுத்த ஈர மண். அதில் வெண்ணூல் போலப் பூஞ்சை, நெளியும் மண்புழு. வேர் எடுத்த சத்து இலைக்குப் போகிறது. இலை உதிர்கிறது. புழுவும் பூஞ்சையும் நுண்ணுயிரும் அதைச் சிதைத்து, அந்தச் சத்தை வேரிடமே சேர்க்கின்றன. உதிர்ந்தது உரமாகிறது, உரம் உயிராகிறது, உயிர் மீண்டும் உதிர்கிறது!

மற்ற மரங்களுக்கு நாம் என்ன செய்தோம்? அவற்றின் சாப்பாட்டை நாள் தவறாமல் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றினோம். பசித்தவன் முன்னாலிருந்து தட்டை இழுத்துவிட்டு, "ஏனப்பா இளைத்துவிட்டாய்?" என்று கேட்பது நியாயமா?

"மரத்தடியில் குப்பை சேரக் கூடாது" என்று பலகை எழுதி மாட்டியது யார்? பின்வரிசை நண்பர் சரியாகத்தான் விரல் நீட்டுகிறார். நான்தான்! அப்போது நான் செயலாளர். முப்பது ஆண்டுகள் அறிவியல் நடத்தியவன். இந்தச் சுழற்சியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்தவன். ஓர் அம்புக்குறி விட்டுப்போனாலும் மதிப்பெண்ணைக் குறைத்தவன். உழுகிறவர் வாயில் குப்பை என்றால் எரு. என் பலகையில் குப்பை என்றால் அழுக்கு. ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தேன். பதினோரு மரங்கள் வாடின. அந்த அம்மா என் பேச்சைக் கேட்ட இடமெல்லாம் மஞ்சள். கேட்காத ஒரே இடம் பச்சை!

மணியை அடிக்காதீர்கள் தலைவரே, முடித்துவிட்டேன். தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். ஆமாம் தாயே, இலை மட்டும்தான். பிளாஸ்டிக் பை அல்ல! மரங்கள் தேறக் காலம் கொடுங்கள். நான் எழுதிய பலகை இதோ, காலையிலேயே கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

அம்மா, நின்றது போதும். என் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. அந்தப் பின்சுவர் மரத்துக்கு என் வணக்கம்.