கட்டைவிரல் சுண்ணாம்பு

ஒற்றைக் குதிரையோடு தொடங்கி நாலு ஜட்கா சேர்த்தவன் நான். வண்டிக்காரனுக்கு முதுகு மட்டும்தான் உண்டென்று நினைத்துப் பின்னால் இருப்பவர்கள் பேசுவார்கள். என் முதுகிலும் காது உண்டு.

அன்று ஆஸ்டின் டவுனில் ஒரு தாயும், அவள் நாத்தனாரும், ஏழு வயது மகளும் ஏறி, நாட்டு வைத்தியர் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

"உடம்புச் சூட்டுக்குன்னு எட்டு நாளா இவ கால் கட்டைவிரல்ல சுண்ணாம்பு வைக்கிறேன் அண்ணி, இன்னும் ரத்தமாத்தான் ஒண்ணுக்குப் போறா," என்றாள் நாத்தனார்.

"சூடுன்னா இத்தனை நாளா இருக்கும்?"

"நீங்க போடுற மிளகாய் அப்படி."

சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. சிறுமி விலாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அங்க ஏண்டி வலிக்குது?" என்றாள் தாய்.

"கொய்யா மரத்துலேர்ந்து மதில்மேல விழுந்தேன்."

"எப்போ?"

"சுண்ணாம்பு வைக்கிறதுக்கு முந்தின நாள்."

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் கால் விரலையே பாத்தீங்க. யாரும் கேக்கல."

நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "இது சூடு இல்ல அண்ணி. உள்ளே அடிபட்டிருக்கு."

தாய் முன்னால் குனிந்தாள். "ஐயா, வைத்தியர் வீடு வேணாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

அவள் சொல்லி முடிக்கும்போது வைத்தியர் தெரு எங்களுக்குப் பின்னால் போயிருந்தது. மதில் என்ற சொல் காதில் விழுந்ததுமே கடிவாளத்தை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிட்டேன்.