தாமான் பிடித்த கை

படகின் பெரும்பாயை ஏற்றியவுடன் அதன் அடியோரத்தை இழுத்துக் கட்டிவிட வேண்டும். தொளதொளத்த பாயுடன் கரையை விட்டுக் கிளம்புவது, தலை வாராமல் தெருவில் இறங்குவதைப் போன்றது. அன்று நான் அதைக் கண்டும் கிளம்பினேன். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை தன் வாக்குமூலத்தில் உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள். தாமானைத் தான் விடாததால்தான் தன்னை மணக்கவிருந்தவர் இறந்தார் என்கிறாள். தாமான் என்பது பாயின் அடிக்கழியை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கயிறு. அதை விட்டால் பாயிலிருந்து காற்று வடிந்துவிடும், படகு நின்றுவிடும்.

எங்கள் படகில் சுக்கான் என் கையில், தாமான் அவள் கையில். இளவயதில் ஒருமுறை கேட்காமல் கயிற்றை விட்டாள். கழி வீசியடித்து என் முன்பல் போயிற்று. அதன்பின் நான் சொல்லாமல் அவள் விரல் அசைந்ததில்லை. வீட்டில் அடுப்பை அணைப்பதற்கும் என் முகத்தைப் பார்ப்பாள். அவளை மணக்கவிருந்த கடிகாரக் கடைக்காரர் அதற்கு அடிமைத்தனம் என்று பெயர் வைத்தார். நான் ஒழுங்கு என்பேன்.

மறுவாரம் அவர்களுக்குப் பதிவுத் திருமணம். கடைக்கு மேலிருந்த அவருடைய அறைகளைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டியது. அங்கே இவளுக்கு எதை எப்போது செய்வது என்று யார் சொல்வார்கள்?

அன்று படகில் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"காத்துகூட உங்க அக்காகிட்ட கேட்டுட்டுதான் வீசணும் போல" என்றார் அவர்.

"சும்மா இருங்க, அவங்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே. அடுத்த வாரத்துலேர்ந்து நீ யாரையும் கேக்க வேண்டியதில்ல."

எனக்குக் கேட்டது. பாயின் அடியோரம் தளர்ந்திருக்கிறது, கழி நுனியில் இருக்கும் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அந்த நுனி தண்ணீருக்கு மேல் நீண்டிருக்கும். படகைக் காற்றின் முகத்துக்குத் திருப்பி, பாயைக் காலியாக்கிய பிறகே அதைத் தொட வேண்டும். அவருக்கு அது தெரியாது. என் தங்கைக்குத் தெரியும். ஆனால், சொன்னவள் நான்.

அவர் விழுந்தார். கயிற்றின் தொங்கல் காலில் சுற்றிக்கொண்டது. பாய் நிறையக் காற்று. படகு அவரை நீருக்குள் இழுத்துக்கொண்டே போனது.

"அக்கா, விடட்டுமா?" என்றாள். கயிறு அறுத்து அவள் உள்ளங்கையில் இரத்தம். "சொல்லுக்கா, விடட்டுமா?"

நான் எதுவும் சொல்லவில்லை என்று அவள் உங்களிடம் கூறியது பிழை. என்னைக் காப்பாற்ற நினைத்திருப்பாள். நான் சொன்னேன். "பிடி" என்றேன். அவருடைய கைகள் ஓயும்வரை சுக்கானையும் திருப்பவில்லை.

ஆகவே குற்றம் அவளுடையதன்று. திறந்த கதவுக்கு வெளியே அமர்ந்து அனைத்தையும் அவளும் கேட்டிருக்கிறாள். இதோ, எழுந்துவிட்டாள். என் பக்கம் திரும்பாமலே வாசலைத் தாண்டுகிறாள்.

நன்றி சொல்வதற்கு அவளுக்கு எப்போதுமே சற்று நேரமாகும்.