சத்தத்தால் கழுவும் நகை

சோதனைச் சாவடியில் பஸ்ஸைவிட்டு இறக்கி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். முன்னால் நின்ற ஓட்டமாவடிக்காரி, குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியை அணைத்தபடி சொன்னாள்: "நான் நகையைச் சத்தத்தால கழுவுறவள்."

"ஷெல் அடிக்கிற சத்தம் போதாதா புள்ள?" என்றாள் பக்கத்தில் நின்ற சித்தாண்டிக்காரி.

"இது காதுக்குக் கேக்காத சத்தம்கா. தண்ணியை நடுங்கவெச்சு, கல்லுக்கு அடியில கிடக்கிற ஊத்தையையும் எடுத்துரும்."

"மகள்ட கலியாணத்துக்கு ஒரு பழைய கழுத்து அட்டியல் இருக்கு. கடையில குடுத்தாத் தேய்ச்சே மெலியவெச்சிருவாங்க. இதில தங்கம் குறையாதா?"

"கழுவின தண்ணியையும் போத்தல்ல ஊத்தி உங்கட கையில தருவன். ஒரு துகள் கிடந்தாலும் அது உங்கட தங்கம்தானே. எந்தக் கடைக்காரன் தண்ணியத் தாறான்?"

சித்தாண்டிக்காரி பெட்டியை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள்.

சிப்பாய் வந்து பெட்டியைத் தட்டி, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

சித்தாண்டிக்காரி முந்திக்கொண்டாள்: "என்ட மகள்ட அட்டியல் கழுவப்போற மெசின், மாத்தயா!"