கடைசிக்கு முந்தின படம்

இல்லண்ணே, அந்த ஜன்னலத் தொறக்காதீங்க. வெளிச்சம் அடிச்சா ஸ்க்ரீன் தெரியாது. நீங்க பாட்டுக்கு ஏசிய ரிப்பேர் பாருங்க, நான் பாட்டுக்கு என் வேலையப் பாக்குறேன்.

இதுவா? காட்டுப் படம்ணே. மரத்துல கேமரா கட்டி வச்சிருக்கோம். எது குறுக்க போனாலும் தானா எடுத்துக்கும். காத்துல இலை ஆடினாக்கூட எடுத்துத் தொலைக்கும். ஒரு மெமரி கார்டுல ஏழாயிரம், எட்டாயிரம் இருக்கும். இலை, இலை, பன்னி, இலை. ஒண்ணொண்ணா பாத்துத் தள்ளணும்.

சிரிங்க, சிரிங்க. படம் பாக்குறதுக்குச் சம்பளமான்னு எங்க நாத்தனாரும் இப்படித்தான் கேப்பா.

எதத் தேடுறோமா? ஒரு மான். கேளையாடு கேள்விப்பட்டிருக்கீங்களா? அதுல ஒரு வகை. ஆட்டுக்குட்டி ஒசரம்தான். பயந்தா நாய் மாதிரி குரைக்கும். கண்ணி வச்சு வச்சே காலி பண்ணிட்டானுங்க. இந்த வகைய உசுரோட யாரும் பாத்துப் பதினோரு வருஷமாச்சு. அழிஞ்சு போச்சுன்னு எழுதிடலாம்னு மேல இருக்கவங்க சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருதான் விடல.

அவரு வனக்காவலருண்ணே. காட்டுக்குள்ள போய்க் கார்டு மாத்துறது அவருதான். இருக்குடி, குளம்புத் தடம் பாத்தேன், இருக்குடிம்பாரு. ஆமா, உங்க தலையில முடி இருக்குற மாதிரி இருக்கும்பேன். அவருக்கு முழு வழுக்கை.

கார்டக் கழட்டக் கேமரா முன்னாடி வந்து நிப்பாருல்ல, அதனால எல்லாக் கார்டுலயும் கடைசிப் படம் அவரு மூஞ்சிதான். மூக்கு மட்டும் இத்தாந்தண்டி தெரியும்.

டீ சொல்லவா? வேணாமா. சரி.

இது போன மாசக் கார்டு. ஏழாயிரத்துச் சொச்சம். கடைசிக்கு முந்தின படத்துல நிக்குதுண்ணே. அதேதான். பொட்டை. ஒரு முன்னங்காலத் தூக்கிக்கிட்டு, காதப் பின்னாடி திருப்பிக்கிட்டு. வயிறு எறங்கியிருக்கு, சினை. கீழ மணி விழுந்திருக்கு பாருங்க, பத்து பதினேழு. அடுத்த படம் அவரு. பத்து இருபத்தொண்ணு.

நாலு நிமிஷம். அவரு வர்ற சத்தத்துக்குத்தான் காதத் திருப்பியிருக்கும்போல.

அவருக்கா? தெரியாதுண்ணே. திரும்பி வர்றப்ப ஓடையில திடீர்னு தண்ணி ஏறிடுச்சு. மறுநாள்தான் கெடச்சாரு. சட்டையத் தனியா ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. பாக்கெட்டுல கார்டு இருந்துச்சு, பாலிதீன் கவர்ல நாலு மடிப்பா மடிச்சு. ஒரு பொட்டுகூட நனையல.

இல்லல்ல, நீங்க வேலையப் பாருங்க. எனக்கு அழுகையெல்லாம் வரல. ரெண்டு வாரம் லீவு குடுத்தாங்க, முடிஞ்சுது, வந்து கார்டப் போட்டேன். அவ்ளோதான்.

ஆபீஸ்ல இன்னும் யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷம் தேடுன மனுசன், மொதல்ல அவருகிட்டதான சொல்லணும்? அதான் சொல்லாமலே வச்சிருந்தேன். இப்ப நீங்க இது என்னன்னு கேட்டீங்க, சொல்லிட்டேன்.