தில்லைநாயகி உட்காந்து பார்த்த ராட்டினம்

…கையெழுத்துன்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு சின்ன விஷயம் சொல்றேன், கேளுங்க தோழர்களே. பின்னாடி நிக்கிறவங்களும் கொஞ்சம் முன்னாடி வாங்க. டீ எங்கயும் ஓடிப் போயிடாது.

ஒரு மாநிலம். பேரு வேண்டாம். அங்க பெரிய கேளிக்கைப் பூங்கா. பதினெட்டு ராட்டினம், நாலாயிரம் பேருக்கு வேலை. அந்த அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. வெளியூர்க்காரனை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு. பூங்கா முதலாளி என்ன பண்ணாரு? பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, "என்கிட்ட வேலை பார்க்கிறவன் எந்த ஊருன்னு நான் கேட்டதும் இல்ல, கேக்கப் போறதும் இல்ல"ன்னுட்டாரு.

விடுவாங்களா? அமைச்சருக்கு மூக்கு மேல கோபம். பூங்காவை மூடணும். எப்படி மூடுறது? ராட்டினம் ஆபத்துன்னு சொல்லி மூடலாம். அதை யார் சொல்லணும்? பாதுகாப்பு ஆய்வாளர் சொல்லணும்.

அந்த ஆய்வாளர் பேரு தில்லைநாயகி. நம்மள மாதிரி ஒரு அரசு ஊழியர். நாப்பத்தஞ்சு வயசு, ஒல்லியான உடம்பு, பலமா காத்தடிச்சா பக்கத்துல எதையாவது பிடிச்சுக்கணும்.

அமைச்சரோட பி.ஏ. போன் பண்றாரு. "மேடம், பூங்காவை மூடுற உத்தரவை டைப் பண்ணி அனுப்பியிருக்கோம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"சார், நான் இன்னும் போய்ப் பார்க்கவே இல்லையே…"

"பார்த்துட்டே போடுங்க. யாரு வேணாம்னா?"

மறுநாள் காலையில போறாங்க. வாசல்ல தொழிலாளிங்க எல்லாரும் எமனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க. பார்க்க மாட்டாங்களா? நாலாயிரம் வீட்டு அடுப்பு இந்தம்மா பேனாவுல இருக்கு.

ராட்டினத்துல தினமும் ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தை உள்ள விடறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு சீட்டுலயும் அறுபது கிலோ மணல் மூட்டையை உட்கார வச்சு, மூணு சுத்து விடுவாங்க. மூட்டை பத்திரமா இறங்குச்சா, மனுஷனும் பத்திரமா இறங்குவான். அதான் கணக்கு. அன்னைக்கும் விட்டாங்க. பதினெட்டுலயும் ஒரு குறை இல்ல. மேனேஜர் ஜெரால்டுக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

ஆனா தில்லைநாயகிக்கும் ஒரு பழக்கம் உண்டு. தான் ஏறி உட்காராத எதைப் பத்தியும் அவங்க எழுத மாட்டாங்க. ஒண்ணொண்ணா ஏறினாங்க. பதினேழு முடிஞ்சுது. பதினெட்டாவது, பெரிய ஊஞ்சல். ஒவ்வொரு வரிசையா உட்காந்து பார்த்து, கடைசி வரிசைக்கு வந்தாங்க. மடி மேல வந்து பூட்டிக்கிற கம்பி இறங்குச்சு… பாதியில நின்னுடுச்சு. 'டக்'னு பூட்டிக்கிச்சு. இவங்க மடிக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி.

"நிறுத்துங்க. ஊஞ்சலை ஓட்டாதீங்க."

புரியுதா உங்களுக்கு? மூட்டை எல்லாம் ஒரே தடிமன். கம்பி அது மேல கச்சிதமா உட்காரும். ஒரு பத்து வயசுப் பிள்ளை உட்காந்தா? வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடும். இத்தனை வருஷமா மூட்டை மட்டும்தான் உட்காந்து பார்த்துச்சு, யாருக்கும் தெரியல.

ஜெரால்டு கையைப் பிடிக்காத குறை. "மேடம், நாளைக்கே சரி பண்ணிடறேன். ரிப்போர்ட்ல மட்டும் எழுதாதீங்க. இந்த ஒரு வரி போதும் அவங்களுக்கு, இதைக் காட்டியே இழுத்து மூடிடுவாங்க. நாலாயிரம் பேரு மேடம்…"

அவரு சொன்னதுல தப்பு இருக்கா? இல்லையே.

அந்த நேரம் பார்த்து பி.ஏ. போன். "ஒண்ணு கிடைச்சிருச்சாமே? நல்லதாப் போச்சு. எல்லாத்தையும் மூடுங்க."

"ஒண்ணுல இருக்கிறது ஒண்ணுலதான் சார் இருக்கு."

"அப்ப உங்க வேலையைப் பத்தியும் யோசிச்சுக்குங்க."

தோழர்களே, அந்தம்மாவுக்கும் வீடு இருக்கு. படிக்கிற பொண்ணு இருக்கு. அங்கேயே ஒரு பெஞ்சுல உட்காந்து எழுதினாங்க. 'பெரிய ஊஞ்சலின் கடைசி வரிசையை நிறுத்தி வைக்கவும். அதன் மற்ற வரிசைகளும், மற்ற பதினேழு ராட்டினங்களும் இயங்கலாம்.' கீழ கையெழுத்து. ரெண்டு பக்கமும் திட்டு. வெளிய வரும்போது ஒருத்தரும் அவங்களுக்கு வழி கூட விடல.

அந்த ஒரு வரியைக் காட்டி, அவங்க கையெழுத்து இல்லாமலே அரசாங்கம் பூங்காவை மூடியே தீர்த்துச்சு. கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு.

அரசு வக்கீல் எழுந்திருச்சாரு. "பூங்கா முழுக்க ஆபத்துங்க ஐயா."

நீதிபதி ரிப்போர்ட்டைப் புரட்டினாரு. "உங்க ஆய்வாளர் ஒரு வரிசையைத்தானே நிறுத்தச் சொல்லியிருக்காங்க?"

"அவங்க கம்பெனிக்கு வளைஞ்சு கொடுத்துட்டாங்க ஐயா."

"வளைஞ்சு கொடுத்தவங்க… இந்த ஒண்ணை எதுக்கு எழுதினாங்க?"

வக்கீல் தண்ணி குடிச்சாரு.

அன்னைக்கு சாயங்காலமே பூங்கா வாசல் திறந்துச்சு. எதை எழுத வேணாம்னு ஜெரால்டு கெஞ்சினாரோ, அந்த ஒரு வரிதான் நாலாயிரம் பேரைக் காப்பாத்துச்சு. அதை மறைச்சிருந்தா, மத்த பதினேழையும் யாரு நம்புவாங்க?

தில்லைநாயகிக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? மாத்தல். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. பொண்ணைப் பள்ளிக்கூடம் மாத்தி, சாமானைக் கட்டிக்கிட்டுப் போனாங்க. எனக்கு இன்னைக்கும் அதை நினைச்சா வயிறு எரியுது. ஆனா அந்தப் பூங்காவுல இப்ப மணல் மூட்டையோட சின்னதா ஒரு மூட்டையும் வைக்கிறாங்க. இருபது கிலோ. காலையில பார்த்தா, "ஏய், தில்லைநாயகியை முதல்ல ஏத்துப்பா"ன்னு தொழிலாளிங்க குரல் கொடுத்துக்கிட்டு இருப்பாங்க.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? இங்க உட்காந்திருக்கிற ஒவ்வொருத்தர் மேசைக்கும் ஒரு நாள் டைப் அடிச்ச காகிதம் வரும். மேல இருக்கிறவன் மூடுன்னுவான். எதிர்ல நிக்கிறவன் மறைன்னுவான். ரெண்டு பேருக்கும் ஆயிரம் நியாயம் இருக்கும். நீங்க ரெண்டு பேருக்காகவும் அங்க உட்காரல. அந்தக் கடைசி வரிசையில ஏறப் போற பிள்ளைக்காக உட்காந்திருக்கீங்க… ஏறிப் பார்த்துட்டு எழுதுங்க. பார்த்ததை மட்டும் எழுதுங்க.