அவித்துத் தின்ற விதை

டோஸ்ட்ருப் நகருக்குப் போகும் ரயிலில், எங்கள் பெட்டியில் பதினோரு பேர் இருந்தோம். எனக்கு முன்னால், உதவி நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் பெண் தன் பக்கத்தில் இருந்த நரைத்த மனிதரிடம் சொன்னாள்:

"கானாவிலை நாங்கள் குடுத்த விதையைச் சனம் அவிச்சுத் திண்டிட்டுது, அண்ணை."

"முழுக்கவோ?"

"ஓம், ஆறு மூட்டையும். வறட்சி தாங்கிற சோளம். பக்கத்து ஊர்ப் பெண்களிட்டையே வாங்கினது."

"விதையைத் திண்டால் பிறகு என்னத்தை விதைக்கிறது?"

"ஒஃபிசிலையும் அதைத்தான் கேக்கினம். அந்த ஊருக்கு இனி உதவி வேண்டாம் எண்டு என்னை அறிக்கை எழுதட்டாம்."

"சரிதானே?"

"விதை போய்ச் சேர முதலே மழை முடிஞ்சிட்டுது, அண்ணை. காஞ்ச நிலத்திலை விதைக்கிறதோ, பசிக்கிற பிள்ளையளுக்கு அவிக்கிறதோ?"

"ஏன் பிந்தினது?"

"விதை வாங்கிற காசுக்குக் கையெழுத்து வைக்க இஞ்சை ஒஃபிசிலை ஆளில்லை. ஜூலை லீவு."

அவர் சிரித்தார். "இந்த நாட்டிலை ஜூலையிலை செத்தாலும் பிணத்தை ஓகஸ்டிலைதான் எடுப்பினம். ஆர் லீவிலை நிண்டது?"

இரண்டு நிலையங்கள் கடந்தன.

"நான்தான். மூண்டு கிழமை ஸ்பெயினிலை நிண்டனான்."

"அதை எழுதுவியோ?"

"முதல் வரியா அதைத்தான் எழுதி வைச்சிருக்கிறன். அனுப்பத்தான் கை வரேல்லை."