அப்பாவுக்குத் தெரியாத வருஷப் பேர்

– தேதியை மட்டும் சத்தமா படிண்ணா.

– நீயே படிச்சிருப்பியே, கிகு. "ரியாகுனின் முதல் வருஷம், பதினோராம் மாசம், இருபத்தஞ்சாம் நாள்." அப்பா சாகறதுக்கு மூணு நாள் முந்தி எழுதின பத்திரம். குளத்து வயல் எனக்கு, மேட்டு நிலம் உனக்கு. அதுக்கென்ன இப்போ?

– அன்னைக்கு நம்ம ஊர்ல வருஷத்துக்குப் பேர் ரியாகுனின் இல்ல, கதேய்.

– அரண்மனையில அதுக்கு ரெண்டு நாள் முந்தியே மாத்திட்டாங்களே. கோயில்ல வேணா கேளு.

– தலைநகர்ல மாத்தினாங்க. அந்தப் புதுப் பேரை மலை தாண்டி நம்ம ஷினானோவுக்குக் கொண்டுவந்தது யாரு? எங்க வீட்டுக்காரரோட சுமைக்குதிரை! அப்பா போய் இருபத்தோராம் நாள், மூணாவது ஏழாம் நாள் பூஜைக்கு உட்கார்ந்திருந்தோம். தலையெல்லாம் பனியோட வந்து நின்னார். புதுப் பேர் எழுதின கடுதாசியை அவர் கையிலிருந்து வாங்கினதே நீதான்.

– சரி, நான் இதை மடிச்சு வெச்சுடறேன்.

– ரெண்டரை மாசம்கூட நிக்காத பேரு. இப்போ அதுவும் போய் வேற வந்தாச்சு. அதை அப்பா எழுதினாராம். நல்ல மண்டுண்ணா நீ!

– மெதுவா பேசு. உங்க அண்ணி காதுல விழப்போகுது.

– அப்போ எழுதினது நீதான்.

– நான்தான். கை நடுங்கிச்சு. அதனாலேயே அப்பாவோட கடைசிக்கால எழுத்து மாதிரி வந்துடுச்சு.

– நாளைக்குக் காரியஸ்தர்கிட்ட இதை நீட்டினா, கள்ளப் பத்திரம்னு முகத்துல சூடு போட்டுடுவாங்களே!

– தெரியும்.

– மூணு நாளா அழுதேன் தெரியுமா? நிலத்துக்காக இல்ல. சுமைக்குதிரைக்காரனோட போனவளை, கடைசியில ஒரு வரியாவது மகள்னு எழுதினாரேன்னு. எழுதலை. சரி, போகட்டும். உனக்காவது எழுதணும்னு தோணுச்சே. தங்கச்சிக்காக இவ்வளவு துணியற அண்ணன் யாருக்கு இருக்கான்?

– போதும், கிகு.

– கொடு, அடுப்புல போட்டுடறேன். பத்திரம் இல்லைன்னா எல்லாமே மூத்தவனுக்குத்தானே? இருந்துட்டுப் போகட்டும். நீ வடுவில்லாத முகத்தோட இரு, அது போதும் எனக்கு.

– கும்பிடாதே! எழுந்திரு, என்னைக் கும்பிடாதே.

– என்னண்ணா இது, முகத்தை மூடிக்கிட்டு? நல்லது செஞ்சதுக்கு யாராவது கூனிக்குறுகி நிப்பாங்களா?

– முழுசா ஏமாத்த மனசு வரலை. அதான் மேட்டு நிலத்தையாவது எழுதினேன். அரிசிப் பெட்டிக்கு அடியில இன்னொரு காகிதம் இருக்கு, போய் எடுத்துக்கோ. கதேய் நாலாம் வருஷம்னு அப்பா கைப்பட எழுதினது. குளத்து வயல் பூராவும், "என் மகள் கிகுவுக்கு."